வலப்பக்கம் ஒரு வெள்ளை விமானம்

என் அத்தானுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் ‘பார்த்துட்டேன்’ என்பார். கேஸை மூடியாச்சா என்று கேட்டால் பார்த்துட்டேன். பின்கதவைப் பூட்டியாச்சா என்றால் பார்த்துட்டேன். அக்கா எழுந்து போய்ப் பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கும். இத்தனைக்கும் மனிதருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. எங்கள் தெருவில் பாதிப் பேர் பேப்பர் படிப்பதே அவர் தயவில்தான்.

இப்படிப்பட்டவர் தலை நரைக்கிற வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டார். அதற்குக் காரணம் நான்தான் என்பது அக்காவின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. எனக்கு மருந்துக்கடை. விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே இருக்கும் ஃப்ளையிங் கிளப்பில் சின்ன விமானம் ஓட்டுவது என் பைத்தியம். கிளப்பில் என் பெயர் ‘மாத்திரை’. சில வருஷங்களுக்கு முன் அத்தானைச் சும்மா ஒரு சுற்று கூட்டிப்போனேன். இறங்கி வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே அக்கா, “போச்சு, இதுக்கும் கிறுக்குப் பிடிச்சாச்சு” என்றாள்.

கிறுக்கு அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர்களுடைய ஒரே மகள், பத்து வயசு, அப்பா லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து அப்பாவோடு மேலே போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா ஒரு காலில், மகள் ஒரு காலில். அக்கா அசையவில்லை. அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வைத்த பஞ்சில் ஒன்று கணக்கில் குறைந்தால், சர்ஜன் எவ்வளவு கத்தினாலும் வயிற்றைத் தைக்க விடமாட்டாள். அவளிடம் போய் ‘எல்லாம் பார்த்தாச்சு’ என்று சொல்லி ஒப்பேற்ற முடியாது.

கடைசியில் ஒரு நாள் என் கடைக்கே வந்து, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

“சனிக்கிழமை நீ அவர்கூடப் போயிட்டு வா. அவரே ஓட்டட்டும், நீ பக்கத்துல உக்காந்து பாரு. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லு. நீ சரின்னா ஞாயித்துக்கிழமை பாப்பாவை அனுப்பறேன். வேண்டாம்னா வேண்டாம். அவர் சொல்றதை நான் கேக்கப் போறதில்ல.”

“நான் என்ன பரீட்சை அதிகாரியாக்கா? அதெல்லாம் பார்த்துத்தான் லைசென்ஸ் குடுத்திருக்காங்க.”

“அவங்க யாரோ. நீ என் தங்கச்சி.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். வீட்டில் என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு கிடைப்பது அபூர்வம்.

மேலே பறக்கும்போது என்ன பயம் என்று பலரும் என்னிடம் கேட்பார்கள். எஞ்சின் நின்றுவிடுமா, காற்று புரட்டிவிடுமா என்பார்கள். என் பயம் அதுவல்ல, எதிரே வருகிற இன்னொரு விமானம். பெரிய விமானங்களைக் கீழேயிருந்து யாராவது கைபிடித்து நடத்துகிறார்கள். எங்களைப் போன்ற சின்ன விமானங்களுக்குப் பெரும்பாலும் கண்தான் காவல். கிளப்பின் டவரிலிருந்து ரேடியோவில் பேசும் டவர்காரர் உதவி செய்வார், ஆனால் பார்த்து விலகுவது நம் பொறுப்பு. அதில் ஒரு சங்கதி உண்டு. அதை ஒருநாள் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நம் விமானத்தின் ஜன்னல் கண்ணாடியில் இடத்துக்கு இடம் நகர்ந்துகொண்டே போகிற விமானம் நம்மை இடிக்காது. அது நமக்கு முன்னாலோ பின்னாலோ கடந்து போய்விடும். நகராமல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் எமன். அது நகரவே நகராது, பெரிதாகிக்கொண்டு மட்டும் வரும். கஷ்டம் என்னவென்றால், மனுஷக் கண் நகர்வதைத்தான் சட்டென்று பிடிக்கும். நகராததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

“அப்ப நகர்றதை விட்டுட்டு நகராததைப் பார்க்கணும்” என்றாள் பாப்பா.

“கெட்டிக்காரி” என்றேன். அத்தானும் பெரிதாகத் தலையாட்டினார்.

சனிக்கிழமை மாலை நல்ல வெளிச்சம். அத்தான் இடதுபக்கம், ஓட்டுகிற இடத்தில். நான் வலதுபக்கம். கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து சோதிக்க வேண்டும். அவர் சோதித்தார், நான் அவரைச் சோதித்தேன்.

“எஞ்சின் ஆயில்?”

“பார்த்துட்டேன்.”

நான் போய்ப் பார்த்தேன். சரியாக இருந்தது.

“பெட்ரோல்ல தண்ணி ஏதும்?”

“பார்த்துட்டேன்னு சொல்றேன்ல?”

அதையும் பார்த்தேன். அதுவும் சரி. டயரை, கதவை, இறக்கையின் ஓரத்தை எல்லாம் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை. வீட்டில் பின்கதவைப் பூட்டத் தெரியாத மனிதர் இங்கே ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்திருந்தார். மாமியார் மாதிரி குறை தேடிப் போன எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மேலேயும் அப்படியே. நன்றாக ஓட்டினார். திரும்புமுன் திரும்பும் பக்கம் பார்த்தார், உயரம் மாறாமல் வைத்திருந்தார், டவரோடு மரியாதையாகப் பேசினார். என்னென்னவோ கேள்வி கேட்டுக் குடைந்து பார்த்தேன். கோபப்படாமல் பதில் சொன்னார். ஏரிப் பக்கம் போய்த் திரும்புவதற்குள், ராத்திரி அக்காவிடம் ‘சரி’ என்று சொல்லிவிடலாம் என்று மனசில் முடிவு கட்டிவிட்டேன். கொஞ்சம் நீட்டி முழக்கி, அவரை நாலு கேலி செய்துவிட்டுச் சொல்வதாக உத்தேசம்.

இறங்குவதற்காகக் கிளப்பை நோக்கித் திரும்பியபோது டவர்காரர் குரல் கேட்டது. வானத்தில் திசை சொல்ல கடிகாரத்தை வைத்துக்கொள்வோம். நம் மூக்கு பன்னிரண்டு மணி, வலது இறக்கை மூன்று மணி. எங்களுக்கு இரண்டு மணித் திசையில், அதே உயரத்தில், குறுக்கே ஒரு வெள்ளை விமானம் வருகிறது, தெரிகிறதா என்று கேட்டார்.

அத்தான் வலதுபக்கம் எட்டிப் பார்த்தார். “அதோ” என்று என் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டினார். விரல் போன பக்கம் பார்த்தேன். வெள்ளை விமானம். அதே உயரம்தான். வலது இறக்கைக்குப் பக்கத்தில் வெயில் பட்டுப் பளிச்சென்று தெரிந்தது.

“பார்த்துட்டேன்” என்றார் அத்தான் ரேடியோவில். ரேடியோவில் அதற்கென்று அளந்து வைத்த வாசகம் உண்டு; அர்த்தம் அதுதான்.

அப்படிச் சொல்லிவிட்டால் அதன் பிறகு அது நம் பாடு. டவர்காரர் தன் கையைக் கழுவிக்கொள்ளலாம். அந்த வெள்ளை விமானத்தை ஓட்டுபவரிடமும், ‘உங்களை அவர்கள் பார்த்துவிட்டார்கள்’ என்று சொல்லிவிடுவார். போதாததற்கு, வலதுபக்கமிருந்து வருபவருக்குத்தான் வழி. விலக வேண்டியது நாங்கள். அவர் நேராக வரலாம்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கண்ணாடியில் மெல்லப் பின்பக்கமாக நகர்ந்தது. நகர்கிறது, ஆகவே இடிக்காது. “விலகவே வேண்டாம் போலிருக்கே” என்றார் அத்தான். “அதுவே போயிடும்” என்றேன் நான். சொன்னது நான்தான், நன்றாக ஞாபகம் இருக்கிறது. இல்லாத ஆபத்துக்கு எதற்காக டவர்காரர் மெனக்கெட்டு எச்சரிக்கை கொடுக்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அதற்குப் பதிலாக, அத்தான் புதிதாகத் தன் கடையில் வைத்திருக்கும் கறுப்புக் கண்ணாடிகளைப் பற்றி ஏதோ கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார்.

பிறகு என் பக்கத்து ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

அவ்வளவு பெரிதாக ஒரு விமானத்தை ஆகாயத்தில் நான் பார்த்ததில்லை. அது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது, அதே சமயம் கீழே விழுந்துகொண்டும் இருந்தது. மூக்கைக் கீழே குத்திக்கொண்டு எங்கள் சக்கரங்களுக்கு அடியில் புகுந்தது. அதன் மேல்புறம் முழுக்கக் கண்ணாடிக் கூண்டு. உள்ளே இரண்டு தலைகள். ஒன்று சின்னது. அடுத்த கணம் இடதுபக்கமாக வெளியே வந்து தூரத்தில் போய்விட்டது. எங்கள் விமானம் லேசாகக்கூட ஆடவில்லை. அத்தான் எதையும் தொடவில்லை. தொடுவதற்கு நேரமே இல்லை.

“இவன் எங்கேர்ந்து வந்தான்?” என்றார். குரல் கீச்சென்று இருந்தது.

“வலது பக்கத்துலேர்ந்து.”

“வலது பக்கத்துல இருந்ததைத்தான் நான் பார்த்தேனே!”

“அது வேற, அத்தான்” என்றேன். “டவர் சொன்னது இது.”

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த முதல் விமானம் எங்கோ பின்னால் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

என் பக்கமும் ஒரு ஸ்டியரிங் உண்டு; நான்தான் இறக்கினேன். இறங்கி எஞ்சினை அணைத்த பிறகுதான் பயமாக இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி பயமாக இருந்தது.

எங்களுக்கு அடியில் புகுந்து போன வெள்ளை விமானம் எங்களுக்கு முன்பே இறங்கி நின்றிருந்தது. அதை ஓட்டியவர் எனக்கு முகப் பழக்கம் உள்ளவர்தான்; பேக்கரி வைத்திருக்கிறார், கிளப்பில் எல்லோரும் ‘ரொட்டிக்காரர்’ என்று கூப்பிடுவோம். அவர் எங்களை நோக்கி நடந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“பார்த்துட்டேன்னு சொன்னது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான் சார்” என்றார் அத்தான்.

“எதைப் பார்த்தீங்க?”

அத்தான் வலதுபக்கமாகக் கையைத் தூக்கிப் பாதியில் இறக்கினார்.

“நீங்க பார்த்துட்டேன்னு சொன்னதும் நான் உங்களை விட்டுட்டேன். ரன்வேயைப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன். சும்மா ஒரு தடவை திரும்பினேன், அவ்வளவுதான். நீங்க திரும்பவே இல்ல, நேரா வர்றீங்க.” குரலை உயர்த்தாமல் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை. “பொண்ணுக்கு இன்னிக்குத்தான் முதல் தடவை. நான் வேணும்னே குதிச்சு விளையாட்டுக் காட்டினேன்னு நினைச்சுட்டிருக்கா. இன்னொரு தடவை பண்ணுப்பான்னு கேக்கறா.”

அத்தான், “மன்னிச்சிடுங்க சார்” என்றார். நானும் சொன்னேன். ரொட்டிக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு அத்தான் யாரும் சொல்லாமலே டவர் படிகளில் ஏறிப்போய், தான் வேறு விமானத்தைப் பார்த்துவிட்டுத் தவறாகச் சொன்னதாக டவர்காரரிடம் தானே ஒப்புக்கொண்டு வந்தார். அந்த மட்டும் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அத்தானோடு காரில் கிளம்பினேன். ஒரு சிக்னலில் நிற்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

“உங்க அக்காகிட்ட நானே சொல்லிடறேன்.”

“சரி.”

“என்னை நம்பி இனி அனுப்ப மாட்டா. அது நியாயம்தான். ஆனா பாப்பா... நாளைக்கு வேணா நீ ஓட்டு. நான் வீட்டுலயே இருக்கேன். உன்கூடன்னா உங்க அக்கா மறுபேச்சு பேச மாட்டா. குழந்தை ஏமாந்து போகாதுல்ல.”

உள்ளதைச் சொன்னால், அந்த யோசனை எனக்கு இனித்தது. பழி மொத்தமும் அவர் தலையில் இறங்கும். அதை வாங்கிக்கொள்ள அவரும் தயாராக இருக்கிறார். எத்தனையோ வருஷமாக வாங்கிப் பழகியவர். என் பெயர் கெடாது. பாப்பாவும் சந்தோஷப்படுவாள். வீடு வந்து சேரும்வரை அந்த யோசனையை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டுதான் வந்தேன்.

கதவைத் திறந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, “என்ன, ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க?” என்றாள். ஹாலில் பாப்பாவின் பை தயாராக இருந்தது. அப்பா கடையிலிருந்து எடுத்து வந்த கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு அவள் மேஜையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்தோம். பரிமாறிவிட்டு அக்காவும் உட்கார்ந்தாள்.

“சொல்லு. அனுப்பலாமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் ஆரம்பித்துவிட்டார். ஒன்றையும் மழுப்பவில்லை. டவர் கேட்டது, தான் சொன்னது, தப்பான விமானத்தைப் பார்த்தது, ரொட்டிக்காரர் கீழே பாய்ந்தது, அவர் வந்து கேட்ட கேள்வி எல்லாம் சொன்னார். பாப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அவர் முடித்ததும் அக்கா, “உங்களை எனக்குத் தெரியாதா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து சொல்கிற அதே தொனி.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீ பக்கத்துல இருந்ததாலதான் இன்னிக்கு முழுசா வந்து சேர்ந்திருக்கார். குழந்தை ராத்திரியெல்லாம் தூங்காம இதே நினைப்பா கிடக்கு. நாளைக்கு நீ ஓட்டு, நீ கூட்டிட்டுப் போ. உன்கூடன்னா எனக்குப் பயமில்ல.”

அத்தான் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரி என்று சொன்னால் போதும். யாருக்கும் தெரியாது. ரொட்டிக்காரருக்கும் தெரியாது, டவருக்கும் தெரியாது. அத்தானுக்கேகூட, அவர் இருந்த நிலையில், யோசித்துப் பார்க்கத் தோன்றியிருக்காது.

“என்கூடவும் வேண்டாம்க்கா.”

“ஏன்?”

“நான் இருந்ததால ஒண்ணும் வந்து சேரலை. அந்த ரொட்டிக்காரர் திரும்பிப் பார்த்ததால வந்து சேர்ந்தோம்.” தண்ணீர் குடித்தேன். “அத்தான் உக்காந்திருந்த இடத்துலேர்ந்து பார்த்தா, அந்த விமானம் முன் கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் நடுவுல இருக்கற கம்பத்துக்குப் பின்னால மறைஞ்சிருக்கும். அவருக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல. எனக்கு எதுவும் மறைக்கலை. என் பக்கத்து ஜன்னல்லதான் அது இருந்திருக்கு. நகராம, அப்படியே, அத்தனை நேரமும். நான் திரும்பக்கூட இல்ல. அவர் விரலைக் காட்டினார், நானும் அங்கேயே பார்த்தேன். அதுவே போயிடும்னு வேற சொன்னேன்.”

அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு இது புதுச் செய்தி.

“எங்க தியேட்டர்ல பஞ்சை ரெண்டு பேர் எண்ணணும்” என்றாள் அக்கா. “ஒருத்தி எண்ணிச் சொன்னதையே இன்னொருத்தியும் திருப்பிச் சொன்னா, அது எண்ணினதாகாது. அதுக்கு ஒருத்தியே போதும்.”

“ஆமா” என்றேன்.

“நான் உன்னை அனுப்பினதே அதுக்குத்தானேடி.”

கடையிலும் கிளப்பிலும் வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். அத்தனை வாயும் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் முகத்தில் கோபத்தைக் காணோம். கையிலிருந்து ஏதோ நழுவிப் போனதுபோல இருந்தாள். வெட்கமாக இருந்தது எனக்கு.

பாப்பாதான் பேசினாள். “சித்தி, நானும் வந்து பின்னால உக்காந்துக்கறேன். எனக்கு நல்லாக் கண்ணு தெரியும். மூணு பேராப் பார்த்தா விட்டுப்போகாதுல்ல?”

“எங்க ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் தெரியுதும்மா” என்றேன்.

அவள் அழவில்லை. கண்ணாடியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அக்கா ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றுகொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“எவ்வளவு கிட்ட வந்துச்சு?”

“ஒரு... ரெண்டு மாடி உயரம் இருக்கும்” என்று அத்தான் ஆரம்பித்தார். “இல்ல, அதைவிடக் கொஞ்சம்...”

“ரொட்டிக்காரர் பொண்ணுக்கு நம்ம பாப்பா வயசு இருக்கும்” என்றேன் நான். “ரெட்டைச் சடை போட்டிருந்தா. மேலேர்ந்து பார்க்கறப்ப வகிடு கோணலா இருந்துச்சு. அப்பா எடுத்து விட்டிருப்பார்னு நினைக்கிறேன்.”

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். அவளுடைய இடது கை நீண்டு, பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த மகளின் தலைக்குப் போய், காலையில் தான் எடுத்துவிட்ட வகிட்டின் மேல் அப்படியே நின்றது.